அனுப்புநர் முகவரி இல்லாத குறுஞ்செய்தி

போன வாரம் என் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, செல்போனே இல்லாம கம்ப்யூட்டர்லேர்ந்து எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியுமா?" அவளுடைய போன் தண்ணீரில் விழுந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. தோழிக்கு அவசரமாக ஏதோ சொல்ல வேண்டுமாம்.

"முடியும். உலகத்திலேயே முதல் எஸ்.எம்.எஸ். அப்படித்தான் போச்சு" என்றேன். அவள் நம்பவில்லை. கதை விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். வழக்கம்போல கொஞ்சம் சரித்திரமும் கொஞ்சம் சொந்தக் கதையும் கலந்திருக்கும். வாசக அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சரித்திரம். 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி. இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற 22 வயது இன்ஜினியர், வோடபோன் கம்பெனியின் அதிகாரி ரிச்சர்ட் ஜார்விஸ் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்றை அனுப்பினார். இரண்டே வார்த்தை. அதுதான் முதல் குறுஞ்செய்தி. அதை அவர் மேசைக் கம்ப்யூட்டரின் கீபோர்டில் தட்டித்தான் அனுப்பினார். அன்றைக்கு இருந்த கைபேசிகளில் எழுத்தைத் தட்டுவதற்கு வழி கிடையாது. வந்த செய்தியைக் காட்டும், அவ்வளவுதான். ஜார்விஸ் வைத்திருந்தது ஆர்பிடெல் 901 என்ற கருவி. எடை இரண்டு கிலோவுக்கு மேல். வாழ்த்தைப் பெற்றுக்கொண்ட அவரால் திருப்பி "நன்றி" என்று கூட அனுப்ப முடியவில்லை.

ஆகவே உலகின் முதல் குறுஞ்செய்தி பதில் போட முடியாத செய்தி. இந்த ஒரு வரியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

பாப்வொர்த் வேலை பார்த்தது சேமா குரூப் என்ற கம்பெனியில். ஓர் ஆங்கிலேயக் கம்பெனியும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியும் சேர்ந்து 1988இல் உண்டானது அது. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் எங்கே போனாலும் பிரெஞ்சுக்காரனைத் தேடிப் பிடிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அதிகம் தேட வேண்டியதே இல்லை. குறுஞ்செய்தி என்ற யோசனையே 1984–85இல் பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து செல்போன் முறையைத் திட்டமிட்டபோது எழுந்ததுதான். ஜெர்மன் தரப்பில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட், பிரெஞ்சுத் தரப்பில் பெர்னார் கில்பேர்.

ஹில்லெப்ராண்ட் பான் நகரத்தில் தன் வீட்டில் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து மனம் போன போக்கில் வாக்கியங்களை அடித்து, எழுத்துகளை எண்ணிப் பார்த்தாராம். ஏறக்குறைய எல்லாமே 160 எழுத்துக்குள் அடங்கிவிட்டன. அஞ்சலட்டைகளையும் டெலக்ஸ் செய்திகளையும் எண்ணிப் பார்த்தார்கள். அங்கேயும் மனிதர்கள் சுருக்கமாகத்தான் எழுதியிருந்தார்கள். 160 என்ற கணக்கு இப்படி நிலைத்தது.

இதற்குள் ஒரு சிக்கனம் இருக்கிறது. செல்போன் பேச்சு ஒரு வழியில் போகும். "உனக்கு ஓர் அழைப்பு வருகிறது, மணி அடி", "நீ இப்போது எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறாய்" என்ற உத்தரவுகள் தனி வழியில் போகும். இந்த இரண்டாவது வழி பெரும்பாலான நேரம் சும்மாவே கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கிற வழியில் எழுத்தை ஏற்றி அனுப்பினால் என்ன என்பதே யோசனை. வழி குறுகலானது. ஆகையால் மூட்டையும் சிறியதாக இருக்க வேண்டும். 140 பைட், அதாவது 1120 பிட். ஓர் எழுத்துக்கு 7 பிட் என்று வைத்தால் 160 எழுத்து.

செய்தி நேராக ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போவதில்லை. நடுவில் ஒரு மையம் இருக்கிறது. எங்கள் அலுவலகத் தபால் பிரிவு மாதிரி. வந்ததை வாங்கி வைத்துக்கொள்ளும். பெறுபவர் போன் அணைந்திருந்தால் காத்திருந்து, திறந்த பிறகு கொடுக்கும். அந்த மையத்துக்குச் செய்தி செல்போனிலிருந்து வந்ததா, கம்ப்யூட்டரிலிருந்து வந்ததா என்பது பொருட்டே இல்லை. உரிய முறையில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரிலிருந்து அனுப்ப முடிவதன் ரகசியம் இதுதான். வங்கியிலிருந்தும் ரயில்வேயிலிருந்தும் நமக்கு வருகிற செய்திகளை யாரும் செல்போனை வைத்துக்கொண்டு தட்டுவதில்லை. கம்ப்யூட்டர்தான் அனுப்புகிறது.

நிற்க. இதற்கெல்லாம் பத்து வருடம் முன்பே செல்போன் இல்லாமல் எழுத்துச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த ஒரு தேசத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புதுச்சேரி 1954 நவம்பர் 1ஆம் தேதியே இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்துவிட்டாலும், சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்து இங்கே பிறந்து இங்கே வசித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர். இதை எங்கள் ஊரில் "ஒப்சியோன்" என்போம். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம். அண்ணனுக்குப் பத்தொன்பது. அவர் யாரிடமும் சொல்லாமல் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. ஒரே வீட்டில் இரண்டு தேசம்.

அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த வருடம் அண்ணன் சொல்தாவாகச் சேர்ந்து, பம்பாய் போய்க் கப்பலேறி மார்செய் இறங்கினார். அதற்குப் பிறகு எங்களுக்குள் கடுதாசிதான்.

1974இல் அப்பா இறந்தபோது தந்தி கொடுக்கப் போனேன். வெளிநாட்டுத் தந்திக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. அப்போது நான் கீழ்நிலை எழுத்தர். பிரெஞ்சில் ஏழு வார்த்தை எழுதிக்கொண்டு போய், கவுன்ட்டரில் நின்று அடித்து அடித்து நான்காக்கினேன். அடித்த மூன்று வார்த்தைகளில் "உன்னைக் கேட்டார்" என்பதும் ஒன்று. பிரெஞ்சில் அதற்கு வார்த்தை கூடுதல். காசு பார்த்து அடித்த அந்த வார்த்தைகளை அப்புறம் கடுதாசியிலும் எழுதவில்லை. எழுதலாம் எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

1988இல் அண்ணன் டிக்கெட் அனுப்பி என்னைப் பிரான்சுக்கு அழைத்தார். பாரீஸுக்கு வடக்கே சார்செல் என்ற ஊர். புதுச்சேரிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம். கூடத்தில் டெலிபோன் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. முன்பக்கத்தைக் கீழே மடக்கினால் அதுவே கீபோர்டு. "இதுதான் மினிடெல். டெலிபோன்காரன் சும்மா குடுத்தான்" என்றார் அண்ணன்.

மினிடெல் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1978இல் சிமோன் நோரா, அலென் மேன்க் என்ற இரண்டு அதிகாரிகள் பிரெஞ்சு ஜனாதிபதிக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். கம்ப்யூட்டரும் டெலிபோனும் ஒன்றாகச் சேரப் போகின்றன, பிரான்ஸ் பின்தங்கிவிடக் கூடாது என்பது சாரம். அந்தச் சூட்டில் பிறந்ததுதான் மினிடெல். 1980இல் சேன்மாலோவில் வெள்ளோட்டம் விட்டார்கள். 1982இல் நாடு முழுக்கப் பரவத் தொடங்கியது. தடித் தடியாக டெலிபோன் டைரக்டரி அச்சடித்துக் கொடுப்பதற்குப் பதிலாக வீட்டுக்கு வீடு இந்தப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். உச்சத்தில் சுமார் 90 லட்சம் பெட்டிகள் இருந்தன.

பெட்டிக்குள் பெரிய மூளை ஒன்றும் கிடையாது. டெலிபோன் கம்பி வழியே தூரத்துக் கம்ப்யூட்டரோடு பேசும் ஒரு திரை, ஒரு கீபோர்டு. வரிக்கு 40 எழுத்து. வருகிற எழுத்து விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் வரும். நாம் தட்டுவது 75 பிட் வேகத்தில்தான் போகும். மனிதன் படிக்கிற வேகத்தில் தட்டுவதில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 3615 சுழற்றி, வேண்டிய சேவையின் பெயரைத் தட்டினால் போதும். ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு பிராங்க். டெலிபோன் பில்லோடு சேர்ந்து வந்துவிடும். சேவை நடத்துகிறவருக்கு அதில் ஒரு பங்கு.

டைரக்டரி பார்க்கத்தான் அரசாங்கம் கொடுத்தது. ஜனங்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். இது ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் தொடங்கியதாகச் சொல்வார்கள். அங்கே கிரெத்தெல் என்ற சோதனைச் சேவையில், நடத்துகிறவர்கள் தடுமாறும் பயனாளிக்கு உதவிக் குறிப்பு அனுப்ப ஒரு வழி வைத்திருந்தார்கள். அந்த வழியை ஒரு பயனாளி கண்டுபிடித்து, மற்றப் பயனாளிகளோடு அரட்டை அடிக்கத் தொடங்கினார். மூடிவிடுவதற்குப் பதிலாக அதையே ஒரு சேவையாக்கிவிட்டார்கள். அதிலிருந்து பிரான்ஸ் முழுக்க "மெசாழ்ரீ" பரவியது. சுவரெல்லாம் இளஞ்சிவப்பு விளம்பரங்கள். அந்த ரகத்தைப் பற்றி இங்கே வேண்டாம். என் பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.

நல்ல காரியத்துக்கும் பயன்பட்டது. 1986இல் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் கிளர்ந்து எழுந்தபோது, ஊருக்கு ஊர் செய்தி அனுப்பிக்கொள்ள மினிடெல்லும் அவர்களுக்கு உதவியது. 1987இல் அல்ஃபாபாஜ் என்றொரு பேஜர் வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் கருவி. அதற்கு வீட்டிலிருக்கும் மினிடெல்லிலேயே தட்டி எழுத்துச் செய்தி அனுப்பலாம். யோசித்துப் பாருங்கள். கையில் செல்போன் இல்லாமல், மேசை மேலிருக்கும் பெட்டியில் தட்டி, தெருவில் போகிறவன் பையில் இருக்கும் கருவிக்கு எழுத்து அனுப்புவது. பாப்வொர்த்தின் வாழ்த்துக்கு ஐந்து வருடம் முந்தியே அது நடந்துவிட்டது. நம் நாட்டில் பேஜர் 1995இல் வந்தது. இங்கே நாம் தட்ட முடியாது. ஆபரேட்டருக்குப் போன் செய்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவர் தட்டி அனுப்புவார்.

அன்று ராத்திரி அண்ணனும் நானும் மினிடெல் முன்னால் உட்கார்ந்து டைரக்டரியில் எங்கள் ஊர்க்காரர்களைத் தேடினோம். முதல் மூன்று நிமிஷம் காசில்லை என்பதால் மூன்று நிமிஷம் ஆனதும் அண்ணன் அணைத்துவிட்டு மறுபடி போடுவார். என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஒருவன் துலூஸில் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. பெயரைப் பழைய பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் தட்டினால்தான் கிடைக்கும். 'உ' என்ற ஓசைக்குப் பிரெஞ்சில் இரண்டு எழுத்து. முருகன் என்று ஆங்கிலத்தில் எழுத ஏழு எழுத்து போதும், பிரெஞ்சு வழக்கில் ஒன்பது. "நம்ம பேரு இந்த ஊர்ல ரெண்டு எழுத்து நீளம்" என்று அண்ணன் சிரித்தார். அவருடைய சிரிப்பு கூடம் அதிரும்படி இருக்கும்.

அப்போதாவது அப்பாவைப் பற்றிப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அண்ணியும் பெண்ணும் பக்கத்தில் இருந்தார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

2008இல் அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. அண்ணி அதற்கு முன்பே காலமாகியிருந்தார். பெண் லியோனில் வேலையாக இருந்தாள். வாரக் கடைசியில் ரயிலேறி வந்து பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் ஒரு செல்போன் இருந்தது. பேசுவதற்கு இல்லை, எழுத்தைப் படிப்பதற்கு.

என்னிடம் செல்போன் கிடையாது. ஆபீசில் இருக்கிற நேரம் போதாதென்று வீட்டுக்கும் வந்து கூப்பிடுவார்கள் என்று வாங்காமலே இருந்தேன். மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வீட்டில் இருந்தன. அந்தச் சமயம் நம் நாட்டில் கம்ப்யூட்டரிலிருந்து இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் தளங்கள் பிரபலம். வே2எஸ்எம்எஸ், 160பை2 என்று கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான். அடியில் ஒரு விளம்பர வரி ஒட்டிக்கொண்டு போகும். இந்திய எண்களுக்குப் பிரச்சினை இல்லை. பிரான்சுக்கு அனுப்ப வேறொரு தளத்தில் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. அண்ணன் மகள் தன் கார்டிலிருந்து கட்டினாள். "சித்தப்பா, நீங்க அங்கேர்ந்து தட்டுங்க, அப்பா போன்ல போய் விழும்" என்றாள்.

வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று தட்டினேன். பிரெஞ்சில்தான். அவருடைய போனில் தமிழ் எழுத்து வந்திருந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்திருக்கும். நடுநடுவே தமிழ் வார்த்தையைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் போடுவேன். பெட்டியின் ஓரத்தில் மிச்சம் எத்தனை எழுத்து என்று எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். ஒருநாள் பாதி தட்டும்போதே எண்ணிக்கை திடீரென்று விழுந்தது. 160 இருந்த இடத்தில் 70. காரணம் புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அந்த 7 பிட் அட்டவணையில் 128 இடம்தான் உண்டு. பிரெஞ்சின் சாய்கோடு போட்ட எழுத்துகள் சிலவற்றுக்கு அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். தொப்பி போட்ட எழுத்துகளுக்கு இல்லை. தலை, திருவிழா, ஜன்னல், ஆஸ்பத்திரி, இந்த வார்த்தைகளுக்கெல்லாம் பிரெஞ்சில் தொப்பி உண்டு. "சா வா?" என்று நலம் விசாரிக்கிற வார்த்தையின் முதல் எழுத்துக்கு வால் உண்டு. வால் வைத்த அந்த எழுத்தும் பெரிய எழுத்தாக மட்டுமே அட்டவணையில் இருக்கிறது. அட்டவணையில் இல்லாத ஓர் எழுத்து வந்தாலும் செய்தி முழுவதும் எழுத்துக்கு 16 பிட் என்ற கணக்குக்கு மாறிவிடும். 1120ஐ 16ஆல் வகுத்தால் 70. ஒரு தொப்பிக்கு விலை 90 எழுத்து. பள்ளியில் தொப்பி விட்டால் பிரம்படி கிடைக்கும். அறுபதை நெருங்கும் வயதில் தெரிந்தே தொப்பியை விட்டு எழுதப் பழகினேன்.

தமிழுக்கு எப்போதும் 70தான். அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து, இயந்திரத்துக்கு ஏழு. "அம்மா" மூன்று எழுத்து, இயந்திரத்துக்கு ஐந்து.

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, யார் வீட்டில் கல்யாணம், கடற்கரையில் என்ன மாற்றம் என்று எழுதினேன். பதில் வரவில்லை. அண்ணன் பலவீனமாக இருக்கிறார், விரலால் தட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் மகள் போனில் "அப்பா எப்பப் பாத்தாலும் உங்க மெசேஜையே பாத்துக்கிட்டு இருக்காரு சித்தப்பா" என்பாள். படிக்கிறார், அது போதும் என்றிருந்தேன்.

2009 ஜனவரியில் அண்ணன் காலமானார். அறுபத்தாறு வயது. எனக்கு விசா கிடைத்துப் போகும் அளவுக்கு நேரம் இருக்கவில்லை.

அடுத்த வருடம் அண்ணன் மகள் புதுச்சேரிக்கு வந்தாள். சாமான்களோடு அந்தச் செல்போனையும் கொண்டுவந்திருந்தாள். "சித்தப்பா, ஒண்ணு கேக்கணும். அப்பா எழுதினதுக்கு நீங்க ஏன் பதில் போடலே?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனைத் திறந்து "அனுப்பியவை" என்ற பகுதியைக் காட்டினாள். பதினான்கு செய்திகள். எல்லாம் எனக்கு எழுதியவை.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டரிலிருந்து போகும் செய்திக்குச் சொந்த எண் கிடையாது. பெறுபவர் போனில் "அனுப்புநர்" என்ற இடத்தில் ஏதாவது ஒன்று காட்டியாக வேண்டுமே. சில தளங்கள் பெயரைப் போடும், சில தளங்கள் தங்கள் பொது எண்ணைப் போடும். நான் உபயோகித்த தளம் ஓர் எண்ணைப் போட்டிருக்கிறது. அண்ணன் அதை என் எண் என்று நினைத்து, ஒவ்வொரு செய்திக்கும் பதில் தட்டி அந்த எண்ணுக்கே அனுப்பியிருக்கிறார். அது எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் போய் விழுந்து குப்பையாகியிருக்கிறது. பதில் வந்து சேராது என்று தளத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பிறகு போய்ப் பார்த்தேன். ஆகவே தளத்தைக் குறை சொல்ல முடியாது. பதினோரு வருடம் தபால் பிரிவில் உட்கார்ந்து, அனுப்புநர் முகவரி இல்லாத மனுவை எல்லாம் "நடவடிக்கை எடுக்க இயலாது" என்று ஓரமாக வைத்தவன் நான். நான் அனுப்பும் கடுதாசியில் அனுப்புநர் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

பதினான்கையும் படித்தேன். பெரும்பாலும் சாதாரண விஷயம். பலாமரத்தை வெட்டிவிட்டீர்களா, பழைய வீட்டுத் திண்ணை இருக்கிறதா. நான் எழுதிய கல்யாணத்தைப் பற்றி ஒரு கிண்டல். ஒன்பதாவது செய்தியில் இப்படிக் கேட்டிருந்தார்: அப்பா என் மேல் கோபமாகவே போனாரா? பத்தாவதிலும் அதையே கேட்டிருந்தார். பன்னிரண்டாவதில், மற்றதெல்லாம் எழுதுகிறாய், நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை, புரிந்துகொண்டேன் என்று இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு செய்திகளில் அந்தப் பேச்சே இல்லை.

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, அது உண்மை இல்லை. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அண்ணன் சொல்தா உடுப்பில் எடுத்து அனுப்பிய படம் இருந்தது. துணி சுற்றி, பத்திரங்களுக்கு மேலே வைத்திருந்தார். கடைசி வாரத்தில் இரண்டு தடவை அண்ணனைக் கேட்டார். அந்த வார்த்தைகளைத்தான் நான் 1974இல் தந்தியில் காசு பார்த்து அடித்துவிட்டேன்.

மினிடெல் 2012 ஜூன் 30ஆம் தேதி மூடப்பட்டது. நம் நாட்டுத் தந்தி 2013 ஜூலை 14 இரவோடு நின்றது. பிரான்சில் தந்தி 2018 ஏப்ரல் 30 வரை இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பும் குறுஞ்செய்திக்கும் நம் நாட்டில் ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடு வந்தது. 2010 செப்டம்பரில் அயோத்தித் தீர்ப்பை ஒட்டி மொத்தக் குறுஞ்செய்திகளைச் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். 2011இல் தொல்லை தரும் விளம்பரங்களை ஒழிக்க, ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 செய்தி என்று டிராய் வரம்பு வைத்து, பிறகு 200 ஆக்கியது. 2018 விதிகளின்படி, வியாபார ரீதியில் செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன் அனுப்புநர் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இது நல்ல ஏற்பாடு என்றுதான் நான் சொல்வேன். அனுப்புநர் யார் என்று யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலையைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஈமெயிலிலிருந்து கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வசதியை ஏ.டி.அண்ட்.டி. கம்பெனி 2025 ஜூனில் நிறுத்திவிட்டது.

இன்றைக்கும் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் தட்டலாம். 2015 முதல் அந்த வசதி இருக்கிறது. ஆனால் கணக்குத் திறக்க ஒரு செல்போன் எண் வேண்டும். எண் இல்லாதவன் உள்ளேயே நுழைய முடியாது. நானும் 2010இலேயே செல்போன் வாங்கிவிட்டேன். அண்ணன் மகள் ஊருக்குத் திரும்பிய மறுநாள் வாங்கினேன்.

பாப்வொர்த் அனுப்பிய அந்த முதல் வாழ்த்தின் டிஜிட்டல் பிரதியை 2021 டிசம்பரில் பாரீஸில் ஏலம் விட்டார்கள். 1,07,000 யூரோவுக்குப் போயிற்று. பணம் அகதிகளுக்கான ஐ.நா. அமைப்புக்குக் கொடுக்கப்பட்டது. செய்தியைப் படித்தபோது ஜார்விஸை நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பதில் போட வழி இல்லை என்பது அவருக்கே தெரியும். என் அண்ணனுக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது அண்ணனுக்குப் போட வேண்டிய பதிலைத் தமிழில் தட்டிப் பார்த்தேன். "அப்பாவுக்குக் கோபமில்லை. உங்கள் படம் அவர் பெட்டியில் இருந்தது." இயந்திரக் கணக்கில், இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 62. எழுபதுக்குள் அடங்குகிறது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வயதானவர்களுக்கு வேறொருவர் போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ செய்தி அனுப்பினால், கடைசியில் உங்கள் பெயரைப் போடுங்கள். பதில் எங்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு மூன்று தடவை அனுப்பியும் பதில் வராவிட்டால் நீங்களாக ஒரு காரணம் வைத்துக்கொள்ளாதீர்கள். யாரையாவது விட்டு நேரில் கேட்கச் சொல்லுங்கள்.

பேத்தியின் போன் ரிப்பேராகி வந்துவிட்டது. இதை அவளுக்கும் அனுப்புகிறேன்.